பாய் விரித்தவர்கள்

சோலைமுத்து இன்னும் சாகவில்லை. அதற்குள் அவருடைய கண்ணீர் அஞ்சலிப் பக்கம் தயாராகிவிட்டது. மறைந்த தேதிக்கு மட்டும் இடம் விட்டிருந்தார்கள்.

செய்யச் சொன்னது அவருடைய மகன் கருப்பணன்தான். நாகல் நகரில் இருக்கும் கஸ்பாரின் ஃப்ளெக்ஸ் கடைக்கு ஒரு காலையில் வந்தான். அப்பாவின் படத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, கண்ணாடிக் கதவுக்கு வெளியே வெகுநேரம் நின்றிருந்தான். கஸ்பார்தான் எழுந்து போய்க் கதவைத் திறந்தார்.

"பெரியாஸ்பத்திரில வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்லிட்டாகண்ணே. இன்னைக்கோ நாளைக்கோங்காக."

கஸ்பார் கீழே பேனர் அடிப்பவர். மாடியில் ஒரு சின்ன இணையதளமும் நடத்தினார். கொரோனா காலத்தில், சாவுக்கு வர முடியாத சொந்தக்காரர்கள் இருந்த இடத்திலிருந்தே முகம் பார்க்கட்டும் என்று தொடங்கியது அது. பெயர் என்னவோ 'நினைவுமுகம்'. ஊரில் எல்லோரும் சாவு சைட்டு என்றுதான் சொன்னார்கள். இலவசமாக வீடியோ காட்டும் இடங்கள் வேறு இருக்கத்தான் செய்தன. ஆனால் ஒருமுறை நீர்மாலைச் சடங்குக்கு நடுவே பல்பொடி விளம்பரம் வந்ததிலிருந்து கஸ்பார் அந்தப் பக்கம் போவதில்லை. எல்லாம் சொந்த சர்வரில்தான். அதைப் பார்த்துக்கொள்பவள் அன்புக்கரசி. சர்வர் இருப்பது எங்கோ மும்பையில். அவள் இருப்பது மாடியில், ஒரு மேஜை ஃபேனுக்கு எதிரே.

"அப்பாவுக்கு எம்புட்டு சனம் இருக்குன்னு ஒங்களுக்குத் தெரியும்ல," என்றான் கருப்பணன்.

தெரியும். சோலைமுத்து திருவிழா நாடகங்களில் பபூன். முதலில் மேடைக்கு வருகிறவர் அவர்தான். அவர் வந்து ஒரு வார்த்தை பேசிய பிறகுதான் மைதானம் அடங்கும். அவருடைய பேச்சை யாரோ துண்டு துண்டாக வெட்டி போனில் போட்டுவிட்டதில், மலேசியாவிலும் துபாயிலும்கூட இந்தப் பக்கத்துக்காரர்கள் தூங்கப்போகும் முன் அதைக் கேட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"அந்தச் சனம் பாத்தாலும் சரி, பாக்காட்டியும் சரி. எந்தங்கச்சி பாக்கணும்ணே. அதுக்குத்தான் வந்தேன்."

தங்கை சுகன்யா குவைத்தில் ஒரு வீட்டில் படுக்கையில் இருக்கும் வயதான பெரியம்மா ஒருத்தியைப் பார்த்துக்கொள்கிறாள். மாற்றாள் வரும்வரை விடமாட்டார்கள். அம்மா இல்லாத பிள்ளை. மேடைக்குப் பின்னால், வேசப்பெட்டிக்குப் பக்கத்தில் பாய் போட்டுத் தூங்கி வளர்ந்தவள்.

"போன மாசம் அந்த டாக்டரு எறந்தப்ப ஒங்க சைட்டு படுத்துக்கிருச்சாம்ல. மகன் லண்டன்ல ஒக்காந்து சுத்துற வட்டத்தத்தான் பாத்தாராம்." பேச்சுக் கேட்டு மாடியிலிருந்து இறங்கி வந்திருந்த அன்புக்கரசியின் பக்கம் கருப்பணன் திரும்பினான். "இந்தத் தடவ படுக்காதுல்ல தங்கச்சி?"

"படுக்காதுண்ணே," என்றாள் அவள்.

அன்று மதியம் வேலையைத் தொடங்கினாள். படங்களின் எடையைக் குறைத்தாள். எல்லோரும் ஒரே சமயத்தில் கேட்டாலும் சர்வர் ஒவ்வொரு தடவையும் புதிதாகத் தேடிக்கொண்டிருக்காமல், பக்கத்தின் நகலைக் கையிலேயே எடுத்துவைக்கும்படி செய்தாள். ஐந்நூறு பேர் உட்காரும் இடத்தை ஐயாயிரம் பேருக்கு ஆக்கினாள். அதற்கும் மேலே வருகிறவர்களுக்காக ஒரு வரி எழுதிவைத்தாள்: 'இடம் இல்லை. சற்றுப் பொறுத்து வரவும்.'

பிறகு ஒத்திகை. ஒரு புரோகிராம் ஆயிரக்கணக்கான ஆட்களைப்போல நடித்து ஒரே நேரத்தில் வாசலைத் தட்டும். சர்வர் தாங்குகிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். அதற்கு ஒரு வெற்றுப் பக்கமே போதும். ஆனால் சோலைமுத்துவின் பக்கம் படத்தோடும் எழுத்தோடும் தயாராக இருந்தது. அதை வைத்துப் பார்த்தால்தான் சரியாகத் தெரியும் என்று நினைத்தாள்.

கஸ்பார் படியேறி வந்து எட்டிப்பார்த்தார். "உசுரோட இருக்குற மனுசன் பக்கத்துக்கு ஆளக் கூப்புடுறியே பாப்பா."

"நெசமான ஆளா வரப்போகுது? புரோகிராம்ணே."

"எங்கம்மா பாத்தா சிலுவ போட்டுக்கும்."

ஆட்கள் வந்தார்கள். அலை அலையாக வந்தார்கள். சர்வர் அசையவில்லை. வெளியே பஜாரில் விளக்குப் போடும் நேரத்தில் அவள் ஒத்திகையை நிறுத்தினாள். திரையில், இப்போது பார்த்துக்கொண்டிருப்பவர்கள் என்ற இடத்தில் எண் சரசரவென்று இறங்கியது. ஏழில் நின்றது.

"எவனோ தூங்கிட்டான் போல," என்றார் கஸ்பார்.

அவளும் சிரித்தாள். கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் காலையில் வந்து பார்த்தபோது நூற்றுக்கு மேல் இருந்தார்கள்.

அந்தப் பக்கத்தின் முகவரி அவளுக்கும் கஸ்பாருக்கும் கருப்பணனுக்கும் தவிர யாருக்கும் தெரியாது. வந்தவர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்று பார்த்தாள். சாதாரணமாக அதில் தெரிந்துவிடும்: சென்னை, ஷார்ஜா, பழைய போன், புது போன். இவர்களுக்கு எதுவும் இல்லை. எல்லோருக்கும் ஒரே முகவரிதான் இருந்தது. அது சர்வரின் சொந்த முகவரி. வாசல் வழியாக யாரும் வரவில்லை. வீட்டுக்குள்ளிருந்தே எழுந்து வந்து கூடத்தில் உட்கார்ந்ததுபோல இருந்தது.

சர்வரை நிறுத்தித் திரும்பப் போட்டாள். எண் பூஜ்யமானது. டீ வந்தது. கண்ணாடி டம்ளரை எடுத்து வாயில் வைக்கும்போது நான்கு பேர் வந்தார்கள். கொஞ்ச இடைவெளி. பிறகு ஆறு பேர். பிறகு ஒருவர் மட்டும். பிறகு மூன்று பேர். எந்தப் புரோகிராமும் அப்படி அனுப்பாது. குடும்பம் குடும்பமாகத்தான் மனிதர்கள் அப்படி வருவார்கள்.

வந்தவர்கள் எதையும் தொடவில்லை. எதையும் கேட்கவில்லை. வீடியோ வரவேண்டிய கட்டம் கறுப்பாக இருந்தது. அதில் 'நேரலை விரைவில்' என்று எழுதியிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

மதியத்துக்குள் ஐயாயிரமும் நிறைந்துவிட்டது. அவள் இடத்தை இரண்டு மடங்காக்கினாள். அதுவும் நிறைந்தது. தன்னுடைய போனிலிருந்து அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தாள். அவள் எழுதிய வரியே அவளுக்குப் பதிலாக வந்தது: 'இடம் இல்லை. சற்றுப் பொறுத்து வரவும்.'

கஸ்பார் இப்போது கேலி பேசவில்லை. "வேற பக்கம் ஒண்ணு புதுசாப் போடு. வேற பேரு வையி. எங்கிட்டகூடச் சொல்லாத."

போட்டாள். வாயில் வந்த எழுத்துகளைக் கோத்து ஒரு பெயர் வைத்தாள். படத்தை ஏற்றுவதற்கு முன்பே, அந்த வெள்ளைத் தாளின் முன்னால் பதினோரு பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

அவள் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்தாள். ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. கீழே ஆட்டோக்காரர்கள் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். இவ்வளவு பேர் உட்கார்ந்திருக்கும் இடத்தில் ஒரு இருமல்கூடக் கேட்கவில்லை என்று அவளுக்குத் தோன்றியது. அப்படித் தோன்றியதே பயமாக இருந்தது.

கேமரா வைக்க இடம் பார்க்கவேண்டும் என்று மறுநாள் மதியம் இருவரும் சோலைமுத்துவின் ஊரான சித்தையன்கோட்டைக்குப் போனார்கள். அன்புக்கரசி கஸ்பாரின் வண்டியில் பின்னால் உட்கார்ந்திருந்தாள். செம்பட்டி தாண்டியதும் வெயில் தென்னந்தோப்புகளுக்குள் துண்டு துண்டாகக் கிடந்தது. ஒரு ஊரில் அம்மன் கோயில் முன்னால் நாடக மேடை போட்டுக்கொண்டிருந்தார்கள். இன்னும் தட்டி கட்டி முடிக்கவில்லை. அதற்குள் மேடைக்கு முன்னால் மண்ணில் நாலைந்து பாய்கள் விரித்துக் கிடந்தன. பறக்காமல் இருக்க நான்கு மூலையிலும் கல் வைத்திருந்தார்கள். பாய்களில் யாரும் இல்லை.

சோலைமுத்து கூடத்தில் கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்தார். அரிதாரம் இல்லாத அந்த முகம் வரைந்து முடிக்காத படம்போல இருந்தது.

"போட்டோக்காரரு வந்தாச்சா?" என்றார். "பொணம் இன்னும் ரெடியாகலயேப்பு."

கஸ்பார் சிரித்துவிட்டார். சிரித்ததற்காகத் தலையைக் குனிந்துகொண்டார். கருப்பணன் கலர் சோடா வாங்கி வந்து ஆளுக்கொன்று கொடுத்தான்.

சோலைமுத்து கூரையைப் பார்த்தபடி கேட்டார். "கூட்டம் எப்பிடி?"

வேசம் கட்டும்போது எந்த ஊரிலும் அவர் முதலில் கேட்கிற கேள்வி அதுதான் என்று பிறகு கருப்பணன் சொன்னான். அன்புக்கரசிக்கு அது தெரியாது. தன்னைத்தான் கேட்கிறார் என்று நினைத்து, யோசிக்காமல் சொன்னாள்.

"நெறஞ்சிருச்சுங்கய்யா."

கருப்பணன் அவளைத் திரும்பிப் பார்த்தான். அதற்குமேல் மறைக்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னாள். பக்கத்து ஊர்ச் சந்தையைப் பற்றிக் கேட்பதுபோல சோலைமுத்து கேட்டுக்கொண்டிருந்தார்.

"நீ எப்பக் கூப்ட்ட?"

"முந்தாநாள் சாயங்காலம்யா. ஆனா நான் யாரையும் கூப்புடல. சும்மா ஒரு ஒத்திகைதான்."

"மைக்செட்டுக்காரன் மத்தியானமே கொழாயக் கட்டிப் பாட்டப் போட்டுருவான். அவனுக்கு அது டெஸ்டிங்குதேன். சனத்துக்கு அப்பிடியா? பொழுதடங்கறதுக்கு முன்னாலயே பாயத் தூக்கிட்டு வந்துரும். முன்னுக்க எடம் பிடிக்கணும்ல." மூச்சு வாங்கினார். "நீ பாட்டப் போட்டுட்ட தாயி. அவுக வந்துட்டாக."

"யாருங்கய்யா அவுக?"

"எந்நாடகம் பாத்தவுகதேன். கொஞ்சம் பேரா போயிருக்காக? சித்தரேவுல கண்ணுசாமின்னு ஒரு சம்சாரி. காது கேக்காது. எல்லாரும் சிரிக்கிறதப் பாத்துட்டு, அவுக சிரிச்சு முடிச்சப்பறம் தனியாச் சிரிப்பாரு. அந்தச் சிரிப்பக் கேட்டு சனம் இன்னொருக்காச் சிரிக்கும். அவருக்காகவே நான் செத்த நேரம் பேச்ச நிறுத்திவைப்பேன். அவரு போயி இருவது வருசமிருக்கும். அவரு வராம இருப்பாரா?"

கலர் பாட்டிலில் நுரை அடங்கும் சத்தம் கேட்டது.

"போகச் சொல்ல முடியாதாய்யா?"

"வந்த சனத்த எப்பிடிப் போகச் சொல்றது? மங்களம் பாடாம பாயச் சுருட்ட மாட்டாக. பாதில எந்திரிச்சா ஊருக்கு ஆகாது." அவர் தன் கால்களைப் பார்த்தார். போர்வைக்கு வெளியே அவை சலங்கைக்குக் காத்திருப்பவைபோல நீண்டு கிடந்தன. "கூட்டம் வந்துருச்சுன்னா ரொம்பக் காக்க வைக்கவுங் கூடாது."

"அப்பா," என்றான் கருப்பணன்.

"சுகன்யா வரட்டும்னுதேம்ப்பா பாத்தேன்."

அன்புக்கரசி பாட்டிலைக் கீழே வைத்தாள். இவரை வேறு யாரும் அவசரப்படுத்தவில்லை, நான்தான் அவசரப்படுத்தினேன் என்று நினைத்தாள். மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தாள். வார்த்தைக்குப் பதிலாக அழுகை வந்தது.

"ஏலே கருப்பணா, பிள்ள அழுகுது பாரு. இன்னொரு கலர ஒடச்சுக் குடு."

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "ஐயா, சுகன்யாவுக்கு ஒரு எடமாச்சும் வேணும். இப்ப ஒண்ணுகூட இல்ல. அவுக வந்தா வாசல்லயே நிக்கணும்."

சோலைமுத்து அதை மட்டும் யோசித்தார். நெற்றி சுருங்கியது. "போன எடு," என்றார்.

கருப்பணன் முதுகுக்குப் பின்னால் தலையணையை வைத்து அவரைத் தூக்கி உட்காரவைத்தான். அன்புக்கரசி போனை நீட்டினாள். அவர் ஒருமுறை தொண்டையைச் செருமினார். அந்த உடம்பிலிருந்து வர முடியாத ஒரு குரல் வந்தது. மைக் இல்லாத காலத்தில் கடைசி வரிசைவரை போன குரல்.

"முன்னுக்க இருக்கவுக செத்தத் தள்ளி ஒக்காருங்கப்பே. எம்மக தூரத்துல இருந்து வாரா. ஒத்தப் பாய்க்கு எடம் விடுங்க. விட்டாத்தேன் வேசங்கட்டுவேன்."

பிறகு சரிந்து படுத்துக்கொண்டார். அதற்குமேல் அன்று அவர் யாரோடும் பேசவில்லை.

கடைக்குத் திரும்பியதும் அன்புக்கரசி அந்தக் குரலை எடுத்து, கறுப்புக் கட்டத்துக்குள் வைத்தாள். ஒருமுறை மட்டும் ஒலிக்கும்படி செய்தாள். கஸ்பார் அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றிருந்தார். முந்தின நாள் மதியத்திலிருந்து அசையாமல் நின்ற எண், ஒன்று குறைந்தது.

அவள் போனை எடுத்துத் திறந்து பார்த்தாள். 'இடம் இல்லை.' கஸ்பார் தன்னுடையதில் பார்த்தார். அவருக்கும் அதேதான். இடம் இருந்தது. அவர்களுக்கு இல்லை.

மறுநாள் விடிந்து கடை திறக்கும் நேரத்தில் கருப்பணன் போன் செய்தான். "வேசங்கட்டிட்டாருண்ணே," என்றான்.

கஸ்பார் கேமராவை எடுத்துக்கொண்டு கிளம்பினார். அன்புக்கரசி தேதியை நிரப்பினாள். பக்கத்தின் முகவரி எல்லோருக்கும் போனது. சிறிது நேரத்துக்கெல்லாம் நிஜமான கூட்டம் வந்தது. வாசலில் வந்து மோதுகிறவர்களை அவளால் தனியாகப் பார்க்க முடிந்தது. ஈப்போ, தமாம், திருப்பூர், சூரத். ஆயிரம் ஆயிரமாக வந்தார்கள். ஒருவர்கூட உள்ளே போகவில்லை. சர்வர் படுக்கவில்லை, சூடாகவில்லை, வந்தவர்களுக்கெல்லாம் பொறுமையாக ஒரே வரியைச் சொல்லிக்கொண்டிருந்தது. கடைப் போன் ஓயாமல் அடித்தது.

"ஏம்மா, சாவு சைட்டே செத்துப்போச்சா?" என்று கேட்டார் ஒருவர்.

"ரெக்கார்டிங் போடுவோங்கண்ணே. அப்பறமாப் பாருங்க."

"நீ செத்தப்பறம் பாக்கவா?"

அந்த ஒற்றை இடம் அப்படியே காலியாக இருந்தது. இத்தனை பேர் முட்டியும் அதில் யாரும் விழவில்லை. சுகன்யா மட்டும் வரவில்லை. போன் செய்தால் எடுக்கவில்லை. பெரியம்மாவைக் குளிப்பாட்டிக்கொண்டிருக்கலாம். மதியம் தாண்டியது. கஸ்பார் கூப்பிட்டார், பின்னால் தப்பு அடிக்கும் சத்தமும் ஆர்மோனியமும் கேட்டன.

"முகத்த மூடப்போறாக பாப்பா. கருப்பணன் கெஞ்சிக்கிட்டு இருக்கான். பெரியாளுக பொழுதாச்சுங்குறாக. வந்துருச்சா?"

"இல்லண்ணே."

"இன்னும் செத்த நேரந்தான் தாங்கும்."

அவள் எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். முன்னால் எவ்வளவோ பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். நடுவே ஒரு பாய் விரித்து, மூலையில் கல் வைத்து, யாரும் மிதிக்காமல் பார்த்துக்கொள்கிறார்கள். அப்படித்தான் அவளுக்குத் தெரிந்தது. இப்போது அவர்கள்மேல் பயம் இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் அவர்களும் தன்னைப்போலவே வாசலைத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று தோன்றியது.

எண் நிறைந்தது. குவைத், பழைய போன்.

"வந்துட்டாகண்ணே," என்றாள். கஸ்பார் யாரிடமோ உரக்கச் சொல்வது கேட்டது. ஆர்மோனியம் ஒரு கணம் நின்று திரும்பத் தொடங்கியது.

அவளால் எதையும் பார்க்க முடியவில்லை. அவளுக்கு உள்ளே இடமில்லை. வெளியே நின்று எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரத்தில் கஸ்பார் மறுபடி கூப்பிட்டு, தூக்கியாகிவிட்டது, கேமராவைக் கழற்றிவிட்டேன், வருகிறேன் என்றார்.

எண் இறங்கத் தொடங்கியது. நான்கு பேர் போனார்கள். ஆறு பேர். ஒருவர் மட்டும். மூன்று பேர். பிறகு கும்பல் கும்பலாக.

அந்தி வெயில் மாடிப்படியில் ஏறிக்கொண்டிருந்தபோது சுகன்யாவே கூப்பிட்டாள். அழுது ஓய்ந்த குரல்.

"அக்கா, அண்ணன் ஒங்க நம்பரக் குடுத்துச்சு. பாத்துட்டேன்க்கா. கிட்டக்கப் பாத்தேன்."

"நல்லாத் தெரிஞ்சதா?"

"நல்லாத் தெரிஞ்சது. கூட்டந்தான் ஜாஸ்தி. தள்ளி ஒக்காந்து வழி விட்டாக." சற்று நிறுத்தினாள். "சாவு வீட்ல யாருக்கா அப்பிடிச் சிரிச்சது? அப்பாவத் தூக்குனப்ப மைதானமே சிரிச்ச மாதிரி இருந்துச்சு. எனக்குக் கோவமே வரல. எல்லாரும் சிரிச்சு முடிச்சப்பறம் ஒருத்தர் மட்டும் தனியாச் சிரிச்சாரு. அதக் கேட்டு நானுஞ் சிரிச்சுட்டேன்."

திரையில் எண் பத்துக்குள் வந்துவிட்டது.

"இப்ப பாய ஒதறிச் சுருட்டிக்கிட்டுப் போறாக. தூசியாப் பறக்குது."

எண் ஒன்றில் நின்றது.

படியில் காலடிச் சத்தம். கஸ்பார் கேமராப் பையைத் தோளில் மாட்டியபடி வந்து கதவோரம் நின்றார். நெற்றியில் சித்தையன்கோட்டைப் புழுதி. 'முடிஞ்சுதுல்ல, நிறுத்தீரு' என்று கையால் காட்டினார். அவள் அந்தப் பையையே பார்த்தாள். பையின் ஜிப் மூடியிருந்தது.

"சுகன்யா, இன்னும் உள்ளதான் இருக்கியா?"

"ம். மேடையக் கூட்டிக்கிட்டு இருக்காக. அப்பா பின்னாடி வேசப்பெட்டிமேல ஒக்காந்து அரிதாரத்தத் தொடைக்கிறாரு. தேங்கா எண்ணெ தொட்டு, துண்டாலத்தான் தொடைப்பாரு எப்பவும். பெரியம்மா இப்பத்தான் தூங்குது." குரல் தணிந்தது. "தொடச்சு முடிக்கட்டும்க்கா. செத்த நேரம் இருந்துட்டு எந்திரிக்கிறேன்."

அன்புக்கரசி போனை மெதுவாக மேஜையில் வைத்தாள். விசைப்பலகையிலிருந்து இரண்டு கைகளையும் எடுத்துக்கொண்டாள். கஸ்பாரைப் பார்த்து, உட்காருங்கள் என்று கண்ணால் சொன்னாள்.